திண்ணையில் ஊற்றும் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

ராமேஸ்வரத்தில் வீதியோரம் படுத்துறங்குவோரைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் சங்கு, சிப்பி, பாசிமணி விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றியது.

காலையில் கடை திறக்க வந்தால் திண்ணையில் இரண்டு மூன்று பேர் சுருண்டு கிடக்கிறார்கள். மூலையில் சிறுநீர் நாற்றம். அதைக் கழுவிவிட்ட பிறகுதான் சாமி படத்துக்கு விளக்கேற்ற முடிகிறது. வெளியூர் யாத்திரிகர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கும் வாடகை, வட்டி எல்லாம் இருக்கிறது. இவர்களில் பாதிப் பேருக்கு ஊரில் வீடு இருக்கிறது. அமாவாசையன்று ஒருவர் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் சேர்த்துவிடுகிறார் என்கிறார்கள். இந்த ஊரில் யாரும் பட்டினியால் சாவதில்லை. நானே அமாவாசைதோறும் ஐம்பது பொட்டலம் சோறு கொடுக்கிறேன்.

ஆனால் சில மாதங்களாக, இரவு கடை சாத்தும்போது திண்ணையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறேன். ஈரத்தில் படுக்கமாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரரும் அப்படித்தான் செய்கிறார். உங்கள் கட்டுரையைப் படித்த என் மகள், "அப்பா, இதில் வருவது நீங்கள்தான்" என்று சொல்லிவிட்டாள். நான் செய்வது தவறா? இவர்களை அரசாங்கமே பிடித்து ஓர் இல்லத்தில் வைத்தால் எல்லோருக்கும் நல்லதுதானே?

இன்னொன்று. எதிர்க் கடையோரம் சில நாட்களாக ஒரு முதியவர் தனக்குத்தானே பேசியபடி கிடக்கிறார். அவர் பேசும் மொழி யாருக்கும் புரியவில்லை. யாரிடம் சொல்வது?

கே., ராமேஸ்வரம்

*

அன்புள்ள கே.,

தண்ணீர் ஊற்றுவதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. ஊற்றுகிறவர்கள் பலர், எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். தவறா என்று கேட்டுவிட்டீர்கள். தவறுதான். வாடைக்காற்று அடிக்கும் மார்கழி இரவில், மூட்டுவலிக்காரக் கிழவி ஒருத்தி ஈரச் சிமெண்டுத் தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்வதை நீங்கள் பார்ப்பதில்லை. அந்நேரம் நீங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் உங்களைத் திட்டிவிட்டு முடித்துக்கொள்ளும் விஷயமல்ல இது. ஐம்பது பொட்டலமும் இரண்டு வாளித் தண்ணீரும் ஒரே கையிலிருந்து வருகின்றன. இதைப் பாசாங்கு என்று நான் சொல்லமாட்டேன். நம் பக்கத்து வழக்கமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. அமாவாசையன்று அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுந்து, அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருகிறோம். பிறகு அன்னதானம். இறந்தவர் மூன்று தலைமுறைக்கும் பெயர் உண்டு. நீட்டிய கையில் பொட்டலத்தை வாங்குகிறவருக்கு மட்டும் பெயர் கிடையாது. நம் புண்ணியம் போய்ச் சேர ஒரு கை வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். இரவில் தண்ணீர் ஊற்றும்போதும் யார்மீதும் ஊற்றவில்லை, தரையில்தான் ஊற்றுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். சோறு கொடுத்ததும் பொறுப்பு தீர்ந்துவிட்டது என்று ஊரே நம்புவதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. ராமேஸ்வரத்தில் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மை. அதனாலேயே மற்ற பஞ்சம் எதுவும் கண்ணில் படுவதில்லை.

சிறுநீர் நாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பெண் எங்கே போவாள்? கட்டணக் கழிப்பறை திறந்திருக்கும் நேரத்தில்கூட ஒவ்வொரு முறையும் காசு. வீடில்லாத பெண்கள் பலர் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். நீர்க்கடுப்போடு வருடக்கணக்கில் இருக்கிறார்கள். அடக்க முடியாமல் போகும் ஒரு நாளில் உங்கள் திண்ணை மூலை நனைகிறது. காலையில் அவர்களுக்குக் கிடைக்கும் பட்டம் 'அசிங்கம் பிடித்தவர்கள்'.

அவர்கள் ஏன் உங்கள் திண்ணையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசித்தீர்களா? கடை வாசலில் இரவு முழுக்க ஒரு விளக்கு எரிகிறது அல்லவா, அதுதான் காரணமாக இருக்கும். பெண்கள் இருட்டில் படுக்கமாட்டார்கள். ஏ.டி.எம். வாசல், மருந்துக்கடை வாசல், கேமரா மாட்டிய விடுதி வாசல் என்று வெளிச்சம் பார்த்துத்தான் படுப்பார்கள். அங்கிருந்து விரட்டப்பட்டால் மிச்சமிருப்பது கடற்கரை. கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் அங்கே மணல் முகத்தில் அறையும். மற்ற மாதங்களில் குடிகாரர்கள் தொல்லை. இரண்டு வாளித் தண்ணீர் ஒரு கிழவியை எங்கே அனுப்புகிறது என்பதை உங்கள் மகளிடம் நீங்களே விளக்கிச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து அந்த ஆயிரம் ரூபாய்க் கதை. ஊருக்கு ஊர் ஒரு லட்சாதிபதிப் பிச்சைக்காரர் உண்டு. பக்கத்துத் தெருக்காரர் அவரைப் பார்த்திருப்பார், நாம் பார்த்திருக்கமாட்டோம். சரி, தை அமாவாசையில் ஆயிரம் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தை, ஆடி, மகாளயம் என்று வருடத்தில் பெரிய அமாவாசைகள் மூன்று. அந்த ஆயிரத்தை வாங்கியவர் எங்கே வைப்பார்? முகவரி இல்லாதவருக்கு வங்கிக் கணக்கு தொடங்குவது லேசான காரியமில்லை. நான் பேசிய ஒரு பெண்மணி, அக்னி தீர்த்தத்தில் யாத்திரிகர்கள் விட்டுப்போகும் துணிகளை அலசிக் காயவைத்து விற்பவர், பணத்தை ரவிக்கையின் உட்புறம் ஒரு பையில் வைத்துத் தைத்திருந்தார். ஒரு விடியற்காலையில் யாரோ பிளேடால் அதைக் கீறி எடுத்துப் போய்விட்டார்கள். தோளருகே ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. புகார் சொல்லப் போன இடத்தில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "உன்னிடம் ஏது இவ்வளவு பணம்?" திருட்டுக் கொடுத்தவர் திருடியவராகிவிடுவார் போலிருந்ததால் திரும்பி வந்துவிட்டார். இப்போது ஒரு கடைக்காரரிடம் கொடுத்து வைக்கிறார். அவர் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்கிறார். வங்கியில் நமக்கு வட்டி தருகிறார்கள். இவர் வட்டி கொடுத்துச் சேமிக்கிறார்.

இந்தப் பெண்மணியின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழுக்குப் படாத பாடு படவேண்டும். ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது சாட்சியச் சட்டம். அதுவரை அவர் விதவையுமில்லை, சுமங்கலியுமில்லை. குடியிருந்த ஓலைவீடு கொழுந்தனுடைய இடத்தில் இருந்தது. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். "ஊரில் வீடு இருக்கிறது" என்று நீங்கள் சொன்னீர்களே, அப்படிப் பார்த்தால் இவருக்கும் இருக்கிறது. ரயிலில் அழைத்து வந்து தீர்த்தமாடவைத்து, "இங்கேயே இரு, வந்துவிடுகிறோம்" என்று சொல்லிப் போன பிள்ளைகளின் தாய் தகப்பன்களுக்கும் இருக்கிறது. பெற்றோரைக் கைவிட்டுப் போகிறவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. பிள்ளைமீது வழக்குப் போடுங்கள் என்று அந்த அம்மாக்களிடம் சொல்லிப் பாருங்கள். "அவன் நன்றாக இருக்கட்டும்" என்றுதான் பதில் வரும். என்னால் இதை மெச்ச முடியவில்லை, கோபம்தான் வருகிறது.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி ஒரே அடியில் வீடற்றதாயிற்று. பயணிகளோடு வந்த ரயிலையே அலை கொண்டுபோனது. மக்கள் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகு, பிழைத்தவர்கள் இந்தத் தீவுக்குள்ளேயே வேறு இடங்களில் குடியேறினார்கள். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகுகளில் வந்திறங்கியவர்களுக்கு மண்டபம் முகாம் இருந்தது. குறை ஆயிரம் இருந்தாலும் கூரை இருந்தது. இரண்டு கூட்டத்தையும் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டைப் புயல் கொண்டுபோனால் நமக்குப் பரிதாபம் வருகிறது. மகனோ கொழுந்தனோ பிடுங்கிக்கொண்டால் மட்டும், பிடுங்கக் கொடுத்தவர்மீது சந்தேகம் வருகிறது. ராமேஸ்வரம் போகும் பாதையில் ராமநாதபுரத்து மன்னர்களான சேதுபதிகள் கட்டிய சத்திரங்களில் வழிப்போக்கரிடம் ரேஷன் அட்டை கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் முகுந்தராயர் சத்திரம் என்று ஊரே இருக்கிறது, இப்போது படுக்க இடம்தான் இல்லை.

இனி, "பிடித்து இல்லத்தில் வைப்பது". நீங்கள் நல்லெண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் 'பிடித்து' என்ற சொல் உங்களை அறியாமல் வந்து விழுந்திருக்கிறது. நம் மாநிலத்தில் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் 1945ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. இதே போன்ற பம்பாய்ச் சட்டத்தின் பிரிவுகளை, டெல்லியைப் பொறுத்தவரை செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. 2021 ஜூலையில், கொரோனாவைக் காரணம் காட்டிப் பிச்சைக்காரர்களைத் தெருவிலிருந்து அகற்றக் கேட்ட மனுவில், மேட்டுக்குடிப் பார்வையோடு இதை அணுகமாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. 'பிடித்து' அகற்றினால் எப்படி இருக்கும் என்பதற்கு அதே ஆண்டு ஜனவரியில் இந்தூர் ஓர் உதாரணம் காட்டியது. தூய்மை நகரம் என்று தொடர்ந்து பரிசு வாங்கும் ஊர் அது. மாநகராட்சி ஊழியர்கள் வீடற்ற முதியவர்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்தவர்கள் தட்டிக்கேட்டு, வீடியோ எடுத்ததால் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். வீடியோ எடுக்காத ஊர்களைப் பற்றி என்ன சொல்வது?

இல்லமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரும்பி வந்து, விரும்பினால் போகக்கூடிய, மூட்டையை வைக்கப் பூட்டுள்ள பெட்டி இருக்கிற இரவு விடுதி வேண்டும். அதற்கு அரசு வைத்திருக்கும் அளவுகோல், நகரங்களில் லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் ஒரு விடுதி. 2011 கணக்கெடுப்பின்படி ராமேஸ்வரத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 45,000. கணக்குப்படி பார்த்தால் நம் பங்கு அரை விடுதிக்கும் குறைவு. வந்து போகிறவர்களும் விட்டுச் செல்லப்படுகிறவர்களும் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. அதே கணக்கெடுப்பில், பிப்ரவரி 28ஆம் தேதி இரவு, நாடு முழுவதும் வீடற்றவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். நடைபாதை, பாலத்தடி, ரயில் நிலையம் இவற்றோடு வழிபாட்டிடங்களின் திறந்த வெளியும் மண்டபமும் அந்த வரையறையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நம்மூருக்காகவே எழுதினாற்போல.

எனக்குப் பிடித்த அரசு விதி ஒன்று உண்டு. தேர்தல் ஆணையத்தினுடையது. வீடற்றவர் வாக்காளர் பட்டியலில் சேரப் படிவம் 6இல், தான் படுக்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே போய், அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள். உறுதியானால் இருப்பிடச் சான்று எதுவும் தேவையில்லை. முகவரியாக உங்கள் கடை வாசலையே எழுதலாம். ஆனால் நீங்கள் தண்ணீர் ஊற்றிய இரவுகளில் அலுவலர் வந்தால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள், படிவமும் தள்ளுபடியாகிவிடும். வாக்குரிமை வந்தால் கவுன்சிலர் ஒரு தடவையாவது குனிந்து பேசுவார். கழிப்பறை பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்கும். பொதுக் கழிப்பறையை இரவிலும் கட்டணமின்றித் திறந்துவைக்கச் சொல்லி உங்கள் தெரு வியாபாரிகள் எல்லோரும் கையெழுத்திட்டு நகராட்சிக்கு ஒரு மனு கொடுங்கள். வீடற்றவர் கொடுக்கும் மனுவைவிட வாடகையும் வரியும் கட்டுகிறவர்களின் மனு வேகமாக நகரும். அது அநியாயம்தான், ஆனாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த முதியவர். நம் மாவட்டத்தில் இதை அலட்சியமாக விட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அவர்களுக்கும் வீடு இருந்தது; வீட்டார்தான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஏர்வாடி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நான் பார்த்த காட்சி இன்னும் உறுத்துகிறது: தெலுங்கு பேசும் ஒருவர் டீ கேட்டார். மற்றவர்கள் குடித்து முடித்துவிட்டுக் காசு கொடுத்தார்கள். இவரிடம் மட்டும் "முதலில் காசை வை" என்றார் கடைக்காரர். அவர் வைத்தார். எங்களுக்குக் கண்ணாடி டம்ளர், அவருக்குக் காகிதக் கோப்பை. வாசலுக்கு வெளியே நின்று குடிக்கும்படி சைகை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. மனநோயோடு தெருவில் அலைபவரைக் கண்டால் காவல் நிலையப் பொறுப்பாளர் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடவும் வேண்டும். இதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும், தானாக நடக்காது. காவல் நிலையத்துக்குப் போகும்போது அந்த முதியவர் பேசுவதைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவுசெய்து கொண்டுபோங்கள். உங்கள் கடைக்கு வரும் வடநாட்டு, ஆந்திர யாத்திரிகர்களிடம் முன்கூட்டியே அதைப் போட்டுக் காட்டுங்கள். மொழி பிடிபட்டுவிட்டால் ஊர் பிடிபட நேரமாகாது. முதியோருக்கான 14567 இலவச எண்ணிலும் சொல்லிவையுங்கள். மருத்துவமனையில் "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். துணைக்கு ஆளில்லாதவரைத் தரையில் விட்டுவிடுவது நான் பல இடங்களில் பார்த்தது. முதல் இரண்டு நாள் மட்டும் உங்கள் தெருக்காரர்கள் முறைபோட்டு யாராவது ஒருவர் இருங்கள். மகளையும் அழைத்துப் போகலாம். அந்த முதியவரின் பெயர் தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள்.