தெளிந்த ஏரியும் கப்பல் வகுப்பும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் பள்ளிப் பிள்ளைகளைப் பாய்மரக் கப்பலில் ஏற்றிப் பாடம் நடத்துவதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அரை நாள் பயணத்தில் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்களேயன்றி எதைக் கற்கப்போகிறார்கள்? பாடநூலும் நல்ல காணொளியும் தராத எதைக் கப்பல் தந்துவிடும்? கப்பலுக்கு வழியில்லாத பள்ளிகள் என்ன செய்வது?

ஓர் அறிவியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வெறும் உல்லாசப் பயணமாக முடிந்துவிடும் படகு வகுப்புகளும் உண்டு என்பதால் உங்கள் ஐயம் நியாயமானதே. அந்த ஏரிக்கரையிலுள்ள சட்டன்ஸ் பே என்னும் சிற்றூரில் 1989இல் தொடங்கப்பட்ட இன்லண்ட் சீஸ் கல்விச் சங்கத்தின் கப்பலில் பிள்ளைகள் பயணிகளாக உட்கார்ந்திருப்பதில்லை. பாயை இழுத்து ஏற்றுவதும், நீரில் மிதந்து வாழும் நுண்ணிய உயிர்களான மிதவையுயிரிகளை நுண்வலையால் அரித்தெடுப்பதும், ஏரியடிச் சேற்றை அள்ளிச் சலித்து அதிலுள்ள உயிர்களைப் பார்ப்பதும் அவர்கள் வேலை.

காணொளி தராதது எது என்பதற்குச் செக்கி தட்டையே சொல்லலாம். கறுப்பும் வெள்ளையுமான, 20 செ.மீ. விட்டமுள்ள தட்டைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஆஞ்செலோ செக்கி என்ற பாதிரியார் 1865இல் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து சோதித்த முறையின் வழிவந்தது இது. தட்டு வெகு ஆழம்வரை தெரிந்தால் ஏரி நலமாக இருக்கிறது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் நினைப்போம். ஆனால் வலையில் மிதவையுயிரிகள் சொற்பமாகவும் சேற்றில் குவாகா சிப்பிகள் ஏராளமாகவும் வரும்போது அந்த முடிவு ஆட்டம் காண்கிறது. கருங்கடல் பக்கத்துச் சிப்பி அது. சரக்குக் கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பிவந்த நீரோடு 1980களின் இறுதியில், மிச்சிகன் ஏரியும் அடங்கிய வட அமெரிக்கப் பேரேரிகளுக்கு வந்து சேர்ந்தது. (கப்பல் கொண்டுவந்த கேட்டைக் கப்பலிலேறியே படிக்க வேண்டியிருக்கிறது.) ஒரு சிப்பி நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரை வடிகட்டி, மீன்குஞ்சுகளின் இரைக்கு ஆதாரமான நுண்பாசியைத் தின்றுவிடுவதால் வந்த தெளிவு அது. ஒளி ஆழத்துக்கு இறங்குவதால் அடியில் பாசி தழைத்து, பிறகு கரையொதுங்கி நாறுவதும் அதன் விளைவே.

ஒரே நீரைப் பற்றி ஒரே முற்பகலில் இரண்டு கருவிகள் வெவ்வேறு கதை சொல்லும்போது பிள்ளைகள் கேட்கும் கேள்விதான் அந்த வகுப்பின் பயன். விடையை முன்கூட்டியே சொல்லிவிட்டால், நீங்கள் அஞ்சுவதுபோல் அது வெறும் சுற்றுலாதான்.

கப்பலில்லாத பள்ளிக்கு ஆழமான நீரின் மேல் நிற்கும் பாலமோ படகுத்துறையோ போதும். தட்டையும் வலையையும் அங்கிருந்தே இறக்கலாம். நடு ஏரியின் அடிச்சேறு மட்டும் கைக்கு எட்டாது. எங்கே நடத்தினாலும், தட்டை இறக்குமுன் நீர் நலமாக இருக்கிறதா இல்லையா என்ற ஊகத்தைக் காரணத்தோடு ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.