கிராமத்துல ஸ்கூல் படிக்கிற பசங்க குடிக்கப் பழகுறது வீட்டாலயா, கூட்டாளிகளாலயா?

எங்களுக்கு திண்டுக்கல் பக்கம். ஊர்ல யாரைக் கேட்டாலும் "சேர்க்கை சரியில்ல"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் மொதல்ல ஊத்திக் குடுக்குறது பெரும்பாலும் சொந்தக்காரங்கதான், அதுலயும் தாய்மாமன் இல்லன்னா சித்தப்பா. கெடா வெட்டு, காதுகுத்துன்னா தோப்புப் பக்கம் ஒதுங்குவாங்க, தண்ணி பாக்கெட், டம்ளர், ஊறுகா வாங்க பத்தாவது படிக்கிறவனத்தான் வெரட்டுவாங்க, ரெண்டு திருவிழா அப்படி ஓடுனவன்கிட்ட மூணாவது தடவ "மீச வந்துருச்சுல்ல மாப்ள, பீருதான, ஒண்ணும் செய்யாது"ன்னு நீட்டுவாங்க. கேத வீட்லயும் இதே கததான்.

அப்பா குடிகாரர்னா புள்ளையும் அப்படித்தான்னு சொல்றத நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். அம்மா அடி வாங்குறத பாத்து வளந்து, இன்னிக்கு வரைக்கும் தொடாதவங்க எங்க செட்லயே இருக்காங்க. தெனமும் ஒரு குவார்ட்டர் போட்டுட்டு சத்தமில்லாம சாப்ட்டு படுக்குற அப்பாதான் டேஞ்சர், அவரப் பாத்தா இதுல என்ன தப்புன்னுதான பையனுக்குத் தோணும்?

கூட்டாளிங்க வேல அதுக்கப்புறம்தான். மலிவான குவார்ட்டரே இப்ப 140 ரூபா பக்கம் வந்துருச்சு, தனியா வாங்க ஸ்கூல் பையன்ட்ட ஏது காசு, அதனால கட்டிங் போட ஆள் வேணும். லீவுல கேட்டரிங், பெயிண்டு, சென்ட்ரிங் வேலைக்குப் போனா கையில கூலி வரும், கூட வேல பாக்குற அண்ணன்மாரு சாயங்காலம் "ஒடம்பு வலிக்கு"ன்னு பழக்கி விட்ருவாங்க. 21 வயசுக்குக் கீழ விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, சரி, அந்த அண்ணனுக்கு 25 ஆச்சே, அவர் வாங்கியாந்தா யாரு கேப்பா? கட மத்தியானம் 12 மணிக்குத்தான் தொறக்கும், அதுக்கு முன்னாடி பிளாக்குல எங்க கெடைக்கும்னு சொல்லிக் குடுக்குறதும் இவங்கதான்.

வீட்ல மொதல்ல வாடைய கண்டுபிடிக்கிறது அக்கா தங்கச்சிதான். அப்பா தோல உரிச்சிருவாருன்னு பயந்து மறைச்சிருவாங்க, அம்மாவுக்குத் தெரிய வர்றப்ப வருசம் ஓடியிருக்கும்.

அதட்டுனா கேக்க மாட்டாங்க, மதிக்கிற ஆளு சொன்னா கேப்பாங்க. எங்க ஊரு கபடி டீம்ல வாடையோட வந்தா சீனியர் அண்ணன் கோர்ட்டுல எறக்க மாட்டாரு, அதுக்கு பயந்தே சில பசங்க விட்டாங்க. ஆனா கப்பு ஜெயிச்ச ராத்திரி அதே பசங்களுக்கு பெட்டி பெட்டியா எறக்குறது ஊர்ப் பெரியவங்கதான், அந்த அண்ணன் என்ன பண்ணுவாரு பாவம்.