பாதம் தொங்கிப்போனால் நடை ஏன் மாறுகிறது?

உங்கள் தந்தையாரின் வலது பாதம் சில நாட்களாகத் தொங்குகிறது என்றும், நடக்கும்போது செருப்புக் கழன்றுவிடுகிறது என்றும், நடக்க நடக்கக் கால் பலப்பட்டுவிடும் என்று உறவினர்கள் சொல்வது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடப்பதால் மட்டும் இது மாறாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், கால் முழுவதும் பலமிழக்கவில்லை. பாதத்தை மேலே தூக்கும் வேலைதான் நின்றிருக்கிறது. அதற்கான தடை எங்கே இருக்கிறது என்பதையே முதலில் அறிய வேண்டும்.

நான் வைத்தியர் அல்லன். நிலாவெளியில் வெங்காயத் தோட்டம் செய்யும் என் சித்தப்பாவுக்கு இது வந்தபோது, திருகோணமலையில் வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் கூட்டிச் சென்றவன். முன்பாதத்தை ஊன்றி எம்பி நிற்க அவரால் முடிந்தது. குதியில் நிற்கச் சொன்னபோது பெருவிரல்கூட மேலெழவில்லை. கடற்கரை மணலில் அவர் நடந்த தடத்தில், ஓர் இடது அடிக்கும் அடுத்த இடது அடிக்கும் இடையே விரல்கள் இழுபட்ட கோடு தெரிந்தது.

அடி வைக்கும்போது குதிதான் முதலில் நிலத்தில் படும். பின்னர் முன்பாதம் மெதுவாக இறங்குமாறு பிடித்துக்கொள்வது கணைக்காலின் முன்புறத் தசை. அது தளர்ந்தால் பாதம் பட்டென்று நிலத்தில் அறையும். காலை முன்னே வீசும்போதும் அதே தசைதான் பாதத்தை உயர்த்திப் பிடிக்கிறது. சாதாரண நடையில் விரல் நுனிக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளி 1 அல்லது 2 சென்ரிமீற்றர்தான் என்பதால், பாதம் சிறிது தொங்கினாலும் விரல் தட்டும். அதனால்தான் படியேறுபவரைப் போல முழங்காலை உயரத் தூக்கி நடக்கிறார்கள். விழாமலிருக்க உடல் தானே கண்டுகொண்ட வழி அது. அதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

அந்தத் தசைக்குச் செல்லும் நரம்பு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில், தோலுக்கு மிக அருகில் எலும்பைச் சுற்றி ஓடுகிறது. நெடுநேரம் குந்தியிருந்தாலும், கால்மேல் கால் போட்டிருந்தாலும் அது நசுங்கலாம். குந்தியிருந்து களை பிடுங்கும் சித்தப்பாவுக்கு அங்கேதான் நசுங்கியிருந்தது. நாரியில் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்புவேரை அழுத்தினாலும் பாதம் தொங்கும். ஆனால் அப்போது பாதத்தை உட்புறம் திருப்பும் பலமும் பெரும்பாலும் குறையும், முழங்காலருகே நசுங்கினால் அது குறைவதில்லை. வைத்தியர் கையால் தள்ளிப் பார்த்தே இதைச் சொன்னார். நீரிழிவும் பாரிசவாதமும்கூடக் காரணமாகலாம்.

நரம்பு வெறுமனே அழுத்தப்பட்டிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீளும். இழை அறுந்திருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும். அதுவரை பாதத்தைத் தாங்கும் கணுக்கால் பட்டை அணிவதும், கெண்டைக்கால் தசையைக் குதியோடு இணைக்கும் குதிநாண் குறுகிவிடாமல் பாதத்தைக் கையால் மேல்நோக்கி மடக்கி நீட்டுவதும் மிக அவசியம். இதை விட்டுவிட்டால், நரம்பு மீண்ட பிறகும் கணுக்கால் மடங்காமல் போகலாம். பின்வார் உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள். மேற்பாதம் மரத்திருந்தால் தினமும் காயம் பாருங்கள்.

இந்த வாரத்துக்குள் வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர் போகாமை, இரு தொடைகளுக்கும் நடுவே மரத்துப்போதல், முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.