தெருவைப் படிக்க ஆசைப்படும் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எதற்கு?

திண்டுக்கல்லில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கணக்கும் இயற்பியலும் நன்றாக வரும். ஊர்கள் எப்படி உருவாகின்றன, எப்படிக் கெட்டுப்போகின்றன என்று படிக்க வேண்டும் என்கிறாளாம். சித்தப்பாவோ கோவையில் ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டு, முன்பணம் கட்டச் சொல்லி நெருக்குகிறார். "இவள் சொல்வதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். கோடிங்கில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு அது நல்ல படிப்புதான். ஆர்வமே இல்லாத பிள்ளைக்காகக் கடன் வாங்கி அந்த சீட்டை வாங்கினால், நான்கு வருடம் கழித்து அவள் போட்டி போட வேண்டியது அதை விரும்பிப் படித்தவர்களோடு. சித்தப்பா அப்போது வந்து வட்டி கட்டப் போவதில்லை. மற்ற வழக்கமான படிப்புகளைப் பற்றிச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருப்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

உங்கள் மகள் கேட்பதற்கு நம் மாநிலத்திலேயே வழி இருக்கிறது. பி.ஆர்க் என்ற கட்டடக்கலை இளநிலைப் படிப்பில் சேர்ந்து, அதற்குள்ளேயே நகர வடிவமைப்பையும் நகரத் திட்டமிடலையும் ஆழமாகப் பிடித்துக்கொள்வது. ஐந்து வருடப் படிப்பு. கட்டடம் மட்டும் வரையும் படிப்பு என்று பலரும் நினைத்து இதை ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் நான்காம் ஆண்டுவாக்கில் ஸ்டூடியோ, அதாவது வரைந்து பழகும் வடிவமைப்பு வகுப்பு, ஒரு கட்டடத்தை விட்டு ஒரு தெருவுக்கு, ஒரு பேட்டைக்கு நகர்ந்துவிடும்.

மதுரை மாசி வீதிகளில் ஒன்றைக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கட்டடங்களை எல்லாம் கறுப்பாக நிரப்பி, திறந்த வெளியை வெள்ளையாக விட்டு ஒரு வரைபடம் போடுவார்கள். 1748-இல் நோல்லி என்ற இத்தாலியர் ரோம் நகரத்துக்குப் போட்ட வரைபடத்தின் வழியில் வந்த முறை இது. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் அடுக்கடுக்காக விரிவதும், நடுவில் சந்துகள் நெருங்குவதும் அதில்தான் பளிச்சென்று தெரியும். அப்புறம் தெருவைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல ஒரு படம். சாக்கடை மூடி, நடைபாதை, நிறுத்திய பைக், மாடியில் குடோன், மேலே மின்கம்பி என எல்லாமே அளவோடு வர வேண்டும். காலை எட்டு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் நின்று, நடந்து போகிறவர்களை எண்ண வேண்டும். கடைசியில் புதிய வடிவமைப்பைச் சுவரில் ஒட்டி நிற்கும்போது மதிப்பிட வந்த ஜூரியில் ஒருவர் கேட்பார்: "இங்கே உட்கார்ந்திருந்த பூக்காரம்மா இப்போ எங்கே போவாங்க?" பதில் இல்லையென்றால் ஷீட்டைத் திரும்பப் போட வேண்டியதுதான். தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014-இல் வந்த சட்டம் இருக்கிறது; அதைப் படிக்காமல் நல்ல தெருவை வரைய முடியாது.

பி.ஆர்க் முடித்தால் 1972 கட்டடக்கலைஞர் சட்டப்படி கட்டடக்கலை கவுன்சிலில் கட்டடக்கலைஞராகப் பதிவு செய்யலாம். அதன்மேல் இரண்டு வருடம் எம்.பிளான் (திட்டமிடலில் முதுநிலை) அல்லது நகர வடிவமைப்பில் எம்.ஆர்க். பள்ளி முடித்ததும் சேரும் நான்கு வருட பி.பிளான் என்று திட்டமிடலுக்கே தனிப் படிப்பும் உண்டு. வரைவதைவிட புள்ளிவிவரமும் கொள்கையும் பிடித்தவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் அதை வைத்து கட்டடக்கலைஞராகப் பதிவு செய்ய முடியாது. அதனால்தான் உங்கள் மகளுக்கு பி.ஆர்க்கைச் சொல்கிறேன்.

வேலையா? டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவ்டு மனை என்று தேடித் தேடி வாங்குகிறோம். அந்த லேஅவுட்டைப் பரிசீலிக்கவும் ஆள் வேண்டுமே. 2021-இல் நிதி ஆயோக் அறிக்கை, மாநில நகரத் திட்டத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட திட்டமிடுநர்கள் தேவை, அனுமதிக்கப்பட்ட இடங்களோ 4,000-க்கும் குறைவு, அவற்றிலும் பாதி காலி என்றது. சென்னைப் பெருநகரத்துக்கு 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. டிஎன்பிஎஸ்சி வழியாக நகர் ஊரமைப்புத் துறையில் உதவி இயக்குநர் பதவியும் உண்டு; தகுதியை அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பச் சம்பளம் ஐ.டி.யை விடக் குறைவாகத்தான் இருக்கும். அதை மறைக்க மாட்டேன். கல்லூரிக் கட்டணம் போக லேப்டாப், பிரின்ட், மாடல் செய்யும் அட்டை, களப்பயணம் என்று ஐந்து வருடமும் செலவு வரும். அதனால் இதில் நான் கறார்: கலந்தாய்வு சீட் மட்டும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி, திருச்சி என்.ஐ.டி. இரண்டுக்கும் முயற்சி செய்யட்டும். என்.ஐ.டி.யில் பாதி இடம் சொந்த மாநிலத்துக்கு. பக்கத்திலேயே மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியிலும் பி.ஆர்க் இருக்கிறது. எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.ஆர்க் வாங்குவதும் வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குச் சொன்ன அதே காரணம்தான்.

திருச்சி என்.ஐ.டி.க்கு ஜேஇஇ மெயினில் பி.ஆர்க்குக்கான தாளான பேப்பர் 2ஏ எழுத வேண்டும். மாநிலக் கலந்தாய்வில் நாட்டா என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு அல்லது ஜேஇஇ மதிப்பெண்ணோடு பிளஸ் டூ மதிப்பெண்ணும் சேரும், எனவே பள்ளிப் பாடத்தை விட்டுவிட்டு வரைதல் கோச்சிங்குக்கு ஓட வேண்டாம். தினமும் அரைமணி நேரம் பஸ் ஸ்டாண்டையோ சந்தையையோ நேரில் பார்த்து வரையட்டும். சித்தப்பாவிடம் நீங்களும் உங்கள் கணவரும் பேசுங்கள். அந்தப் பேச்சில் பிள்ளையை இழுக்காதீர்கள்.