முதுகில் லேசர் தழும்பு, மாதாமாதம் இஎம்ஐ: கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

கேள்வி: எனக்கு 29 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். துறைமுகப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலை. முதுகிலும் தோளிலும் எனக்கு முடி ரொம்ப அடர்த்தி. பள்ளியிலிருந்தே 'கரடி' என்றுதான் கூப்பிடுவார்கள். தை மாதம் கல்யாணம். நலங்கு வைக்கும்போது இரண்டு வீட்டார் முன்னால் சட்டையில்லாமல் உட்கார வேண்டுமே என்று, பெரம்பூரில் ஒரு லேசர் கிளினிக்கில் 8 சிட்டிங் பேக்கேஜ் எடுத்தேன். 48,000 ரூபாய். 12,000 கையில் கட்டினேன், மீதிக்கு அவர்களே ஒரு நிதி நிறுவனத்தில் இஎம்ஐ போட்டுக் கொடுத்தார்கள். 'இனி ஜென்மத்துக்கும் முடி வராது' என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். டாக்டரை ஒருநாளும் பார்க்கவில்லை, ஒரு டெக்னீஷியன்தான் செய்தார். ஆடிக் கடைசியில் மூன்றாவது சிட்டிங்கில் முதுகு எரிந்து கொப்புளம் வந்தது. இப்போது பட்டை பட்டையாகக் கறுத்திருக்கிறது. தோளில் முன்பைவிட முடி அதிகமாக முளைக்கிறது. கேட்டால், 'உங்கள் ஸ்கின் அப்படி, பணம் திரும்ப வராது என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், வேண்டுமானால் நாலு ஃபேஷியல் இலவசமாகத் தருகிறோம்' என்கிறார்கள். தலைமை அலுவலகம் பெங்களூருவில், வழக்கும் அங்கேதான் போட வேண்டுமாம். அப்பா, 'ஆம்பளைக்கு எதுக்கு இதெல்லாம், வெளியே சொன்னால் சிரிப்பார்கள், விட்டுத் தள்ளு' என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? இஎம்ஐயை நிறுத்திவிடலாமா? போலீசில் புகார் கொடுக்கலாமா? கேஸ் போட்டால் கோர்ட்டில் சட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்வார்களா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி, உங்களை அதிகமாக உறுத்துவது அதுதான் என்று தெரிகிறது. சட்டையைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். நுகர்வோர் ஆணையத்தில் விசாரணை பெரும்பாலும் பிரமாணப் பத்திரம், ஆவணங்கள் இவற்றை வைத்தே நடக்கும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 38, அதைத்தான் சொல்கிறது. தழும்பின் புகைப்படமும் அரசு மருத்துவர் எழுதிய குறிப்பும் இருந்தால் அவையே பேசும். அப்பாவிடமும் ஒன்று சொல்லுங்கள். ஒருவர் எதற்காக முடியை எடுக்க நினைத்தார் என்று இந்தச் சட்டத்தில் எங்கும் கேள்வி இல்லை. காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை சரியாக இருந்ததா என்பது மட்டும்தான் கேள்வி. இதே போன்ற தழும்போடு என்னிடம் வந்த ஆண்கள் பலர், கூச்சத்தாலேயே ஒரு வருடம் ஒன்றரை வருடம் சும்மா இருந்துவிட்டு வந்தவர்கள். கூச்சப்பட்டுக் கடந்த ஒவ்வொரு மாதமும் கிளினிக்குக்குத்தான் லாபமாக முடிந்தது. நீங்கள் சீக்கிரமே எழுதியது நல்லது.

இப்போது ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்கிறேன். உங்களுக்கு நடந்தவற்றில் எது வழக்கு, எது வழக்கில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் பலவீனமான இடத்தைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் ஆட்டுவார்.

முடி மறுபடி முளைத்தது மட்டும் தனியாக வழக்காகாது. லேசர் ஒளியை முடியிலுள்ள மெலனின் என்ற கறுப்பு நிறமி உறிஞ்சுகிறது. அந்தச் சூடு வேர் வரை போய் முடி முளைக்கும் இடத்தைப் பழுதாக்குகிறது. அந்தச் சமயத்தில் வளரும் கட்டத்தில் இருக்கும் முடிகளில்தான் இது நன்றாக வேலை செய்யும். அதனால்தான் ஆறு, எட்டு என்று பல வாரம் இடைவெளி விட்டுப் பல சிட்டிங் வைக்கிறார்கள். ஆண்களின் முதுகு முடி ஹார்மோனால் வளர்வது. ஒரு தடவை குறைந்தாலும் வயது ஏற ஏறப் புதிதாக முளைக்கும். சிலருக்கு, குறிப்பாகத் தோள், மேல் முதுகு, கழுத்து போன்ற இடங்களில், லேசருக்குப் பிறகு முடி அதிகமாவதும் மருத்துவத்தில் தெரிந்த பக்கவிளைவுதான். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இது நடக்கலாம்.

ஆனால் இது தெரிந்தவர்கள் உங்களிடம் என்ன சொன்னார்கள்? 'ஜென்மத்துக்கும் வராது.' உங்கள் வழக்கின் முதல் கால் இங்கே ஊன்றி நிற்கிறது. அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. கூட இந்தக் கருவிகளை விற்கும் நிறுவனங்களுக்கு 'நிரந்தரக் குறைப்பு' என்று சொல்லத்தான் அனுமதி கொடுக்கிறது. முடி அடியோடு போய்விடும் என்று விளம்பரம் செய்ய அங்கே விடுவதில்லை. செய்ய முடியாததைச் செய்வோம் என்று எழுதிக் காசு வாங்குவது நம் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. அந்த வாட்ஸ்அப் செய்தி உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய சொத்து. அதை அழித்துவிடாதீர்கள், கல்யாணத்துக்காகப் புது போன் வாங்கினாலும் பழைய போனைக் கொடுத்துவிடாதீர்கள். அவர்களுடைய இன்ஸ்டாகிராம் விளம்பரம் இன்னும் இருந்தால் தேதி தெரியும்படி இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நோட்டீஸ் போன மறுநாள் அது காணாமல் போய்விடும்.

இரண்டாவது கால், அந்தக் கொப்புளம். 'உங்கள் ஸ்கின் அப்படி' என்பதை அவர்கள் தப்பிக்கும் வழியாக நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் அவர்களை மாட்டிவிடும். நம் ஊர் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் மெலனின் அதிகம். லேசருக்கு முடியின் கறுப்பு, தோலின் கறுப்பு என்ற பாகுபாடு கிடையாது, தோலையும் சுடும். அதனால்தான் கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி யாக் வகை லேசர் பாதுகாப்பானது என்கிறார்கள். எந்தக் கருவியானாலும் கறுத்த தோலுக்கு ஏற்றபடி ஜூல் அளவை, அதாவது லேசரின் சக்தியை, குறைத்து, ஓரிடத்தில் சின்னதாகச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் முழு முதுகில் வைக்க வேண்டும். வெயிலில் கறுத்த தோலில் உடனே செய்யக் கூடாது என்பது அடிப்படைப் பாடம். நீங்களோ நாள் முழுக்க யார்டு வெயிலில் நிற்பவர். உங்கள் வேலை என்ன என்று கேட்டார்களா? சோதனை செய்தார்களா? உங்கள் தோல் எப்படிப்பட்டது என்று உங்களைவிட அவர்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டை பட்டையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். லேசர் கருவியின் கைப்பிடி பட்ட இடமெல்லாம் தோல் சுட்டிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். எல்லா மருத்துவக் கவனக்குறைவு வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை, விஷயம் தானே வெளிப்படையாகத் தெரிந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் வி. கிஷன் ராவ் வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தாலும் நான் அதை மட்டும் நம்பி இறங்க மாட்டேன். நாளைக் காலையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோல் பிரிவில் ஓபி சீட்டு போட்டு, எந்த மாதம் என்ன செய்துகொண்டபோது இது வந்தது என்று டாக்டரிடம் சொல்லி, அதை அந்தச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். காயம் பற்றி ஏ.ஆர். எனும் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் பதிவு போட முடியுமா என்றும் கேளுங்கள். கறுப்பு மங்க மங்க உங்கள் சாட்சியமும் மங்கும். உடம்புக்கு அது நல்லதுதான், வழக்குக்கு நல்லதல்ல. வீட்டில் யாரையாவது விட்டு, பகல் வெளிச்சத்தில் வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது கால்தான் எனக்குக் கோபத்தை வரவழைப்பது: டாக்டரே இல்லாத கிளினிக். யாருடைய பெயரை ரசீதில் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பெயர் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். தமிழ்நாட்டில் கிளினிக் நடத்த 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவுச் சான்று வேண்டும். அவர்களிடம் அது இருக்கிறதா என்று தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள மருத்துவ ஊரக நலப்பணிகள் இயக்ககத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம்தான். 'பதிவு இல்லை' என்று பதில் வந்தால், உங்கள் வழக்கில் பாதி வேலை முடிந்துவிடும்.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயப்பட வேண்டாம். என்ன செய்யப் போகிறோம், அதில் என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்று சொல்லிப் பெறும் சம்மதம்தான் சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டேப்லெட் திரையை நீட்டி 'கீழே ஒரு கையெழுத்து சார்' என்றது அந்தக் கணக்கில் வராது. ஆபத்துக்குச் சம்மதித்தவர்கூடக் கவனக்குறைவுக்குச் சம்மதித்தவர் ஆக மாட்டார். 'பணம் திரும்ப வராது' என்ற வரியும் அப்படியே. குறைபாடான சேவையை நிறுத்திக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 2(47) சொல்கிறது. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. மனுவில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று தலைப்புப் போட்டு அந்தப் படிவத்தையே ரத்து செய்யக் கேட்காதீர்கள். அது மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிய விஷயம். மாவட்ட ஆணையத்தில் அதிகாரம் இல்லை என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள். 'சேவைக் குறைபாடு', 'முறையற்ற வணிக நடைமுறை' என்ற இரண்டோடு நிறுத்துங்கள்.

பெங்களூருவுக்கும் போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம் என்று அதே சட்டத்தின் பிரிவு 34 இப்போது தெளிவாகச் சொல்கிறது. உங்களுக்குச் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமே இல்லை. இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் 15100க்குப் போன் செய்து சட்ட உதவி கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு நோட்டீஸ். பெரம்பூர் கிளை, தலைமை அலுவலகம், ரசீதில் பெயர் உள்ள டாக்டர், நிதி நிறுவனம் எல்லோருக்கும் ஸ்பீடு போஸ்டில் போகட்டும். 30 நாள் அவகாசம் கொடுங்கள். ஒவ்வொரு சிட்டிங்கிலும் எந்தக் கருவி, எத்தனை ஜூல், யார் இயக்கியது என்ற சிகிச்சைக் குறிப்பையும் அதிலேயே கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி. கொடுக்காவிட்டால் அதுவே உங்களுக்குச் சாதகம்.

இஎம்ஐ விஷயத்தில் அவசரப்படாதீர்கள். வங்கிக்குப் போய்த் தானாகப் பிடிப்பதை நிறுத்திவிட்டால் கடன் உங்கள் பெயரில் பாக்கியாக நிற்கும், சிபில் ஸ்கோர் அடிவாங்கும், வசூல் ஆட்கள் கல்யாண வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். சேவை நின்றுவிட்டது, மீதிக் கடனை ரத்து செய்யுங்கள் என்று நிதி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைகேட்பு அதிகாரியான ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம். அவர்கள் எண் 14448. ஆணையத்தில் மனு போடும்போது இஎம்ஐக்கு இடைக்காலத் தடையும் சேர்த்துக் கேளுங்கள். உத்தரவு வரும் வரை கட்டிக்கொண்டிருங்கள். கட்டியதைப் பிறகு வட்டியோடு கேட்கலாம்.

போலீஸ் புகார் கொடுக்க உரிமை உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 125, கவனக்குறைவான செயலால் காயம் விளைவித்தால் 6 மாதம் வரை சிறை என்கிறது. ஆனால் டாக்டர் என்றால், மிக மோசமான கவனக்குறைவு என்று காட்டினால்தான் குற்ற வழக்கு நிற்கும் என்று 2005இல் ஜேக்கப் மாத்யூ தீர்ப்பு வரம்பு வைத்திருக்கிறது. ஸ்டேஷனில் பெரும்பாலும் புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி அனுப்புவார்கள். அந்த மேசையில் பாதிப் பணத்துக்கு 'இனி எந்தப் புகாரும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அதனால் இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள். மருத்துவப் படிப்பே இல்லாதவர் கிளினிக் நடத்துகிறார் என்று தெரியவந்தால் அப்போது யோசிப்போம், அது வேறு வகைக் குற்றம்.

எவ்வளவு கேட்பது? 48,000 முழுவதும், ஸ்டான்லிக்குப் பிறகு தோல் டாக்டருக்கு ஆகும் செலவு, மன உளைச்சலுக்கும் வலிக்கும் ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. முடிந்த மூன்று சிட்டிங்கைக் கழிக்கச் சொல்லி அவர்கள் வாதாடுவார்கள். சுட்ட சிட்டிங்குக்குக் காசு இல்லை என்று நீங்கள் சொல்லலாம். யாராவது 20 லட்சம் கேட்கச் சொன்னால் கேட்காதீர்கள், ஆணையம் உங்கள் பேச்சையே சந்தேகமாகப் பார்க்கும். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகம் ஆகும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அந்த இலவச ஃபேஷியலுக்கும் மீதி சிட்டிங்குக்கும் போகவே போகாதீர்கள். போனால் 'சிகிச்சையைத் தொடர்ந்தார், திருப்தியாக இருந்தார்' என்று எழுதிவிடுவார்கள். கறுத்த இடத்தில் மறுபடி லேசர் பட்டால் தோலும் தாங்காது.

வழக்குப் போட உங்களுக்கு ஆடியிலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது. அதனால் ஸ்டான்லி சீட்டு, புகைப்படம், நோட்டீஸ் மூன்றையும் இந்த மாதமே முடித்துவிடுங்கள். மனுவைக் கல்யாணம் முடிந்து மாசியில் தாக்கல் செய்யலாம். நலங்கு அன்றைக்கு மஞ்சளும் எண்ணெயும் அந்த இடத்தில் படலாமா என்று மட்டும் தோல் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.