ஆர்கானிக், மரச்செக்கு, கைத்தறி: கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு மதிப்பு உண்டா? – வேலூர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

காட்பாடி பக்கம் இயற்கை விவசாயிகள் குழு ஒன்றுக்குப் பதிவேடும் கணக்கும் பார்த்துக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு இல்லத்தரசி: அக்கா, ஆர்கானிக் கடையில் எதை எடுத்தாலும் ஒன்றரை மடங்கு விலை. சத்து அதிகம் என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையா?

சத்துக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம் அம்மா. 2012-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் கணக்கில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பூச்சிமருந்து எச்சம் ஆர்கானிக்கில் குறைவு. 

ஆனால் நான் வாங்குவதற்குக் காரணம் வேறு. மருந்து நம் தட்டுக்கு வந்து சேரும்போது மிச்சம்தான் வருகிறது. முழுசாகப் படுவது தெளிக்கிறவர் மேல். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் காலையில் போனால் பார்க்கலாம்: முதுகில் தெளிப்பான், மூக்கில் ஒரு துண்டு, காலில் செருப்புகூட இருக்காது. காற்று திரும்பினால் புகை மாதிரி அவர் முகத்துக்கே வரும். அந்த ஆளுக்கு அந்த வேலை இல்லாமல் போகட்டும் என்பதற்காகக் கொடுக்கும் காசு எனக்கு வீண் செலவாகத் தெரியவில்லை.

காகிதப்பட்டறையிலிருந்து ஒரு ஆட்டோ ஓட்டுநர்: வருமானம் கொஞ்சம்தான். எல்லாவற்றையும் மாற்ற முடியாது. மாதம் ஐந்நூறு ரூபாய் கூடுதலாகப் போடலாம். எதில் போடட்டும்?

நல்ல கேள்வி அண்ணா. கீரையிலும் கத்தரிக்காயிலும் போடுங்கள்.

கீரை மூன்று நான்கு வாரப் பயிர். மருந்து அடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் அறுக்க வேண்டும் என்று காத்திருப்புக் காலம் ஒன்று உண்டு. சந்தையில் விலை ஏறியிருக்கும் நாளில் அதற்கெல்லாம் யாரும் காத்திருப்பதில்லை. அடுத்து கத்தரி. தண்டுத் துளைப்பான், காய்த் துளைப்பான் என்று சொல்கிற ஒரே புழுவால் அதிகமாக மருந்து வாங்கும் காய்களில் அது ஒன்று. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தை எந்தக் காய்கறியிலும் அடிக்கக் கூடாது என்று தடை இருந்தபோதும், பக்கத்து வயலில் பருத்திக்கு வாங்கியது கத்தரிக்கும் போனது உண்டு.

வெங்காயம், தேங்காய், வாழைக்காய், பூசணி இதற்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்க அவசரமே இல்லை. தோலை உரித்துவிட்டுத்தான் சமைக்கிறோம். ரேஷன் அரிசியைச் சாப்பிடுவதில் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். கீரைக்குக் கடைக்குப் போகாமல் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போனால் ஐந்நூறில் பாதி மிச்சமாகும்.

பாகாயத்திலிருந்து ஒரு மாணவி: புழு ஓட்டை இருந்தால் அது மருந்து அடிக்காத காய் என்று எங்கள் பாட்டி சொல்வார். அப்படிப் பார்த்து வாங்கலாமா?

பாட்டி காலத்துக்கு அது சரி. இப்போது சரிவராது. கத்தரிப் பூவின் அடியிலோ இளம் காய்க் காம்பின் ஓரத்திலோ முட்டையிலிருந்து வந்த புழு சீக்கிரமே உள்ளே புகுந்துவிடும். புகுந்த துளையை அதன் கழிவே அடைத்துவிடும். அப்புறம் மேலே எத்தனை முறை தெளித்தாலும் உள்ளே இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. நாம் சந்தையில் பார்க்கிற பெரிய ஓட்டை, தின்று முடித்து அது வெளியே போன வழி. ஆகவே நிறைய மருந்து அடித்த காயிலும் ஓட்டை இருக்கும்.

இயற்கை முறையில் நன்றாகப் பார்த்துக்கொள்கிற தோட்டத்தில் வாடிய நுனித்தண்டுகளைக் கிள்ளி எடுத்து எரிப்பார்கள், ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கட்டுவார்கள். அங்கே காய் பளிச்சென்றும் இருக்கலாம். காயைப் பார்ப்பதைவிட ஆளைக் கேளுங்கள்: "நுனி கிள்ளுகிறீர்களா, பொறி எத்தனை கட்டியிருக்கிறீர்கள்?" செய்கிறவர் உடனே பதில் சொல்வார்.

நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊருக்கும் ரகத்துக்கும் கிடைத்த அடையாளம். மருந்து அடிக்கவில்லை என்பதற்கான சான்று இல்லை. இரண்டையும் குழப்பி விற்கிறார்கள், கவனம்.

ஆரணியிலிருந்து ஒரு ஆசிரியர்: மரச்செக்கு மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் ஒரு கடையில் லிட்டர் 220, இன்னொரு கடையில் 400. எதை நம்புவது?

சார், இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு போக வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பருப்புக்கே 325 ரூபாய் ஆகிவிட்டது. புண்ணாக்கு விற்றுக் கொஞ்சம் திரும்பும், அது ஆட்டுக்கூலிக்கும் பாட்டிலுக்கும் சரியாகப் போகும். அப்படியிருக்க 220-க்கு எப்படிக் கொடுக்கிறார்? ஒன்று பருப்பு மட்டம், இல்லையென்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள், எந்த ஊரிலும் இது பொருந்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை. சுத்திகரித்த எண்ணெயில் பல விஷயங்கள் போய்விடும், அதில் கெட்டதும் அடக்கம். செக்கு எண்ணெயில் எதுவும் போகாது. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கும், கல்லீரலுக்கு ஆகாது. சொத்தையும் சுருங்கியதும் பொறுக்காமல் ஆட்டினால் அதில் ஒரு பங்கு எண்ணெயிலும் வரும். அதனால் செக்குக்குப் போகும்போது செக்கைப் பார்ப்பதைவிட மூட்டையைப் பாருங்கள். கையைவிட்டு ஒரு பிடி எடுத்து, கறுத்தது, பச்சைப் பூஞ்சை படிந்தது எவ்வளவு என்று பார்க்கலாம். முடிந்தால் கடலையை நீங்களே வாங்கி, வீட்டில் பொறுக்கி, வெயிலில் காயவைத்துக் கொண்டுபோய் ஆட்டி வாருங்கள். நம் வட ஆற்காட்டுப் பக்கம் கடலை விளைகிற ஊர், இந்த வசதி எல்லோருக்கும் கிடைக்காது.

மரச்செக்கு என்றால் ஆர்கானிக் என்று அர்த்தம் இல்லை. அது ஆட்டும் முறை மட்டும்தான்.

குடியாத்தத்திலிருந்து: வெல்லம்?

மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லத்தை விட்டுவிடுங்கள். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கவைக்கும் ரசாயனம் போடுகிறார்கள். கறுப்பாக இருந்தால் மட்டமான வெல்லம் என்று நாம் ஒதுக்குவதால்தான் காய்ச்சுகிறவர்களும் போடுகிறார்கள். வெல்ல மண்டியில் கருத்த வெல்லம் கேட்டாலே பெரும்பாலும் கிடைத்துவிடும், அதற்கு ஆர்கானிக் விலை கொடுக்கத் தேவையில்லை.

மேல்விஷாரத்திலிருந்து ஒரு வாசகர்: அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. பாலாற்றங்கரையில் விளைந்த காய்க்கு ஆர்கானிக் முத்திரை போட்டு விற்றால் அது பாதுகாப்பானதா? இத்தனை வருஷம் தோல் பதனிடும் கழிவு போன மண்ணாயிற்றே.

வ அலைக்கும் ஸலாம் தம்பி. மற்ற ஊர்க்காரர்கள் கேட்காத கேள்வி, நமக்கு மட்டும் கேட்கத் தெரிந்தது.

ஆர்கானிக் சான்று என்பது சாகுபடி முறைக்குக் கொடுப்பது. ரசாயன உரம் போடவில்லை, செயற்கை மருந்து அடிக்கவில்லை, பக்கத்து வயலிலிருந்து வராமல் வரப்பு இடைவெளி விட்டார் என்று பார்ப்பார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மண்ணில் என்ன போனது என்பதை அந்த முத்திரை தானாகச் சொல்லாது. 1996-ல் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கைக் குறிப்பிட்டது: தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுமையாகவோ பயிர் செய்ய லாயக்கில்லாமல் போனது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. நம் ஆற்றின் பெயரால் நாடு முழுக்கக் கிடைத்த நீதி, நம் ஆறு மட்டும் இன்னும் தேறவில்லை.

சரி, காய் விஷயம். குரோமியத்தைச் செடி எடுத்தாலும் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும், காய்க்கு ஏறுவது குறைவு. ஆகவே தக்காளி, வெண்டையைவிட முள்ளங்கி, பீட்ரூட், கீரை வாங்கும்போது அதிகம் யோசியுங்கள். அன்றாடம் விவசாயியைக் கொல்வது உப்பு. தோலைப் பதப்படுத்தப் போட்ட உப்பு கழிவோடு போய்க் கிணறுகளில் சேர்ந்தது. அந்தத் தண்ணீரில் பயிரே சரியாக வராது. விற்பவரிடம் மண், தண்ணீர்ப் பரிசோதனைத் தாள் கேளுங்கள். இந்த வட்டாரத்தில் என்னைப் பொறுத்தவரை முத்திரையைவிட அந்தத் தாள்தான் முக்கியம்.

ஆம்பூரிலிருந்து ஒரு பெண்: நான் வீட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கிறேன். "நெறிமுறைப்படி தயாரித்தது" என்று போட்டு வெளிநாட்டில் விற்கும் ஷூவை நாங்கள்தான் தைக்கிறோம். எங்களுக்கு ஜோடிக்குச் சில ரூபாய்தான். அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு?

நீங்கள் கேட்டது நியாயம்மா. தொழிற்சாலைக்குள் வரும் ஆடிட்டர் லைன், தீயணைப்பான், சம்பளப் பதிவேடு எல்லாம் பார்ப்பார். வேலை ஏஜென்ட் வழியாக வீட்டுக்குப் போய்விட்டால், பதிவேட்டில் உங்கள் பெயரே இருக்காது. தோலுக்குத் தனி முத்திரை, பதனிடும் ஆலைக்குத் தனி மதிப்பீடு என்று உண்டு, அவை தண்ணீரையும் ரசாயனத்தையும் ஒழுங்காகப் பார்க்கின்றன. தைத்த கைக்கு என்ன கிடைத்தது என்பதை அவை சொல்லவே இல்லை.

வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு கம்பெனி நெறிமுறை என்று எழுதியிருந்தால், "வீட்டில் தைப்பவர்கள் உங்கள் பட்டியலில் இருக்கிறார்களா?" என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் விஷயம் தெரிந்துவிடும். ஆம்பூர் அம்மாவுக்குச் சொல்வது: தைத்த ஜோடிக் கணக்கை ஏஜென்ட் நோட்டில் மட்டும் விடாதீர்கள். உங்கள் நோட்டிலும் தேதி, எண்ணிக்கை, ரேட் எழுதி வையுங்கள். தெருவில் பத்துப் பேர் அப்படி எழுதினால் ரேட் பேசும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

காந்தி நகர் வாசகர்: 'நேச்சுரல்', 'கெமிக்கல் இல்லாதது' என்று போட்ட சோப்பு?

கெமிக்கல் இல்லாத சோப்பு உலகத்தில் கிடையாது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால்தான் சோப்பு. அட்டையில் டி.எஃப்.எம் என்று ஒரு எண் இருக்கும், சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். இருபது ரூபாய் சோப்பிலும் அது இருக்கலாம். ஆதாரமில்லாமல் 'இயற்கை', 'சூழலுக்கு உகந்தது' என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. புகார் சொல்ல 1915 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம்.

வாலாஜாவிலிருந்து: ஆர்கானிக் பருத்திப் பை வாங்கலாமா?

வேண்டாம். 2018-ல் டென்மார்க் சுற்றுச்சூழல் துறை வெளியிட்ட ஆய்வில், எல்லாப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஆர்கானிக் பருத்திப் பையை ஆயிரக்கணக்கான முறை பயன்படுத்தினால்தான் சாதாரண பிளாஸ்டிக் பையோடு ஈடாகும் என்று வந்தது. கடலில் போய்ச் சேரும் குப்பையை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை, அதனால் பிளாஸ்டிக் நல்லது என்று ஆகிவிடாது. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சப்பை வீட்டில் எத்தனை கிடக்கிறது? அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு நெசவாளர் மகன்: கைத்தறி லுங்கி என்று விசைத்தறி லுங்கியை விற்கிறார்கள். அப்பாவின் லுங்கி விலை போகவில்லை. வாங்குகிறவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்பவர்களை நம்ப முடியாது தம்பி, இப்போது விசைத்தறியிலும் அப்படியே நெய்கிறார்கள். கைத்தறி முத்திரை 2006-லிருந்து இருக்கிறது, அதைப் பார்த்து வாங்கலாம். இன்னும் நல்லது, கூட்டுறவுச் சங்கத்தில் அல்லது கோ-ஆப்டெக்ஸில் பில்லோடு வாங்குவது. அப்பா சங்கத்தில் உறுப்பினர் என்றால் முத்திரைக்குச் சங்கம் வழியாகவே கேளுங்கள். ஆர்கானிக் பருத்திச் சட்டைக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர் ஒரு கைத்தறி லுங்கியும் வாங்கினால், அந்தக் காசு குடியாத்தத்திலேயே ஒரு அடுப்புக்குப் போய்ச் சேரும். எனக்கு அது பெரிய விஷயம்.

அணைக்கட்டிலிருந்து ஒரு விவசாயி: இரண்டு வருஷமாக உரம் போடவில்லை. சான்று இல்லாமல் 'ஆர்கானிக்' என்று விற்கலாமா? சான்றுக்குச் செலவாகுமே?

ஐயா, சிறு விவசாயி தானே நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கு விற்றால் சான்று கட்டாயம் இல்லை. அரசின் ஆர்கானிக் முத்திரையை மட்டும் போடக் கூடாது. கடைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் பி.ஜி.எஸ் என்ற குழுச் சான்று முறைக்கு வாருங்கள். ஏற்றுமதிச் சான்று மாதிரி பெரிய கட்டணம் கிடையாது. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் குறைந்தது ஐந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். மாறும் காலத்தில் 'கிரீன்' என்றும் முடிந்தபின் 'ஆர்கானிக்' என்றும் வரும்.

முதலில் நான்கு பேரைப் பிடியுங்கள். அப்புறம் ஒரு நோட்டு. எந்தத் தேதியில் எந்த வயலில் என்ன விதைத்தீர்கள், எங்கே வாங்கிய விதை, என்ன போட்டீர்கள், எத்தனை கிலோ அறுத்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று அதே நாளில் எழுதுங்கள். ஜீவாமிர்தம் (சாணம், கோமியம் சேர்த்த கரைசல்) போட்டதையும் எழுத வேண்டும். விண்ணப்பத்தை வட்டார வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள், போகும்போது பட்டா நகலும் ஆதாரும் எடுத்துப் போங்கள்.