ஊர் பணத்துல ஆம்புலன்ஸ் வாங்கலாமா? வாங்கறதுக்கு முன்னாடி இத படிங்க

காரைக்குடி பக்கத்துல ஒரு ஊர் இளைஞர் சங்கத்துல இருந்து கேள்வி வந்திருக்கு. ஊர்க்காரங்ககிட்ட வசூல் பண்ணி 14 லட்சம் சேர்ந்திருக்கு, அதுல பாதிக்கு மேல சிங்கப்பூர்ல இருக்கற ஊர்க்காரங்க குடுத்தது. ஆம்புலன்ஸ் வாங்கி ஊருக்கு விடணும்னு ஆசை. மதுரைல ஒரு ஏஜென்ட் வென்டிலேட்டரோட ஐசியு ஆம்புலன்ஸ், செகண்ட் ஹேண்ட், 13.5 லட்சத்துக்கு முடிச்சு தரேன்னு சொல்றாராம். பத்தாததுக்கு எம்பி நிதி, சிஎஸ்ஆர்னு கம்பெனிங்க சமூக வேலைக்கு ஒதுக்கற பணம் எல்லாம் தெரிஞ்ச ஆள் மூலமா வாங்கித் தரேன், 10 பர்சென்ட் குடுத்தா போதும்னும் சொல்லிருக்காரு. ஒரு தனியார் ஆஸ்பத்திரி மாசாமாசம் டீசல் போட ரெடியாம். வாங்கலாமா, யார் பேர்ல வாங்கறது, இதுதான் கேள்வி.

அந்த வண்டி வேண்டாம். வேற வண்டி வாங்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு பாக்கணும்.

வண்டி வாங்கறது இதுல சின்ன செலவு, ஓட்டறதுதான் பெரிய செலவு. 24 மணி நேரமும் வண்டி நிக்கணும்னா ஷிப்டுக்கு ஒருத்தர்னு பாத்தாலே மூணு டிரைவர் வேணும், வார லீவு, தீபாவளி பொங்கல்லாம் சேத்தா நாலாவது ஆளும் வேணும். மூணு பேருக்கே ஆளுக்கு 18,000 சம்பளம்னு வச்சா மாசம் 54,000, வருஷத்துக்கு 6.48 லட்சம். நீங்க சேத்த மொத்த பணமும் ரெண்டு வருஷ டிரைவர் சம்பளம்தான், இதுல டீசல் இல்ல, இன்சூரன்ஸ் இல்ல, எஃப்சி இல்ல, டயர் இல்ல, ஆக்சிஜன் ரீஃபில் இல்ல. ஊர் ஊரா கோயில் வாசல்லயும் பஞ்சாயத்து ஆபீஸ் பின்னாடியும் நாலு டயரும் இறங்கி நிக்குதே ஆம்புலன்ஸ், அதுல நன்கொடையாளர் பேர் மட்டும் பளிச்சுனு இருக்கும், அதெல்லாம் கெட்டுப்போன வண்டி இல்ல, ஓட்ட காசு இல்லாத வண்டி. திறப்பு விழாவுக்கு வர்றவங்க யாரும் ரெண்டாவது வருஷ இன்சூரன்ஸுக்கு வரமாட்டாங்க.

அதனால முதல்ல இத யோசிங்க, உங்க ஊருக்கு எந்த வேலைக்கு வண்டி வேணும்? விபத்து, நெஞ்சுவலி, பாம்புக்கடி, பிரசவ வலி இதுக்கெல்லாம் 108 இருக்கு. 2008 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, வண்டில ஈஎம்டினு அவசர சிகிச்சைக்கு பயிற்சி எடுத்தவர் இருக்காரு, எந்த ஆஸ்பத்திரிக்கு போகணும்னு கண்ட்ரோல் ரூம்ல கேட்டு போவாங்க, காசு கிடையாது. நம்ம ஊருக்கு லேட்டா வருதுன்னு கோவம் இருக்கலாம், நியாயமான கோவம்தான், அதுக்கு வண்டி நிக்கற இடத்த உங்க பக்கம் மாத்த சொல்லி கலெக்டர்கிட்ட மனு குடுங்க, திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல ஊரோட போய் நில்லுங்க. 14 லட்சம் போட்டு அரசாங்கம் செய்யவேண்டிய வேலைய அரைகுறையா நாம செய்யறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

108 செய்யாத வேலைன்னு ஒண்ணு இருக்கு, அதுலதான் ஜனங்க காசு கரையுது. ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு திரும்பி வர்றது. பிரசவம் ஆன தாயையும் குழந்தையையும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில இருந்து வீட்டுல விட 102 இருக்கு, இறந்தவங்கள கொண்டுவர 155377க்கு அடிச்சா இலவச அமரர் ஊர்தி இருக்கு. ஆனா பக்கவாதம் வந்து மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரில டிஸ்சார்ஜ் ஆன பெரியவர், தொடை எலும்புல கம்பி வச்ச அம்மா, வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ் போறவரு, இவங்கள படுக்க வச்சு கொண்டுவர ஆள் இல்ல. வாசல்ல நிக்கற தனியார் வண்டிதான் கதி, அவன் சொல்றதுதான் ரேட். கொரோனா சமயத்துல அரசாங்கம் ரேட் ஃபிக்ஸ் பண்ணுச்சு, இன்னைக்கு எந்த வண்டில அந்த ரேட் கார்டு ஒட்டிருக்குன்னு நீங்களே பாத்து சொல்லுங்க. உங்க சங்கம் பிடிக்கவேண்டிய இடம் இதுதான். இதுக்கு ஐசியு வேண்டாம், மூணு ஷிப்ட் வேண்டாம், பகல்ல ஒரு டிரைவர், அவசரத்துக்கு கூப்பிட்டா வர்ற மாதிரி ஊர்ல இன்னொருத்தர், போதும்.

இப்ப அந்த ஏஜென்ட் சொல்ற வண்டிக்கு வருவோம். ஆம்புலன்ஸுக்கு நம்ம நாட்டுல ஏஐஎஸ்-125னு ஒரு விதி இருக்கு. அதுல நாலு வகை, முதல் உதவி ஆள் வர்ற வண்டி ஏ, நோயாளிய படுக்க வச்சு கூட்டிட்டு போறது பி, அடிப்படை உயிர்காப்பு வசதி உள்ளது சி, வென்டிலேட்டர் எல்லாம் வச்சது டி. நீங்க கேக்கவேண்டியது பி. ஏஜென்ட் சொல்ற ஐசியுங்கறது பெரும்பாலும் ஸ்டிக்கர்லதான் இருக்கும். வென்டிலேட்டர் இருந்தாலும் அத யாரு ஓட்டுவா? அதுக்கு தெரிஞ்ச ஆள் கூட வரணும், இல்லனா டிரைவருக்கு பின்னாடி லைட் எரியற பொட்டி ஒண்ணு, அவ்வளவுதான். அந்த பொட்டிய காட்டித்தான் விலைய ஏத்துவாங்க.

இன்னொரு தந்திரம், டூரிஸ்ட் வேனோ சரக்கு வேனோ வாங்கி உள்ள பிளைவுட் அடிச்சு, ஸ்ட்ரெச்சர் போட்டு, மேல சைரன் மாட்டி ஆம்புலன்ஸ்னு விக்கறது. ஆர்சிய வாங்கி வண்டி வகைன்னு இருக்கற இடத்துல ஆம்புலன்ஸ்னு இருக்கான்னு பாருங்க, எம்பரிவாகன்னு அரசாங்க ஆப் இருக்கு, அதுல நம்பர் போட்டும் பாத்துக்கோங்க, எஃப்சி, இன்சூரன்ஸ், வண்டி மேல லோன் இருக்காங்கறதெல்லாம் அதுலயே தெரியும். ஆர்சில ஒண்ணு வண்டில ஒண்ணுன்னு இருந்தா ஆக்சிடென்ட் ஆன அன்னைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல பிடிக்கறது அததான்.

வண்டிய பாக்க போறப்ப பெயின்ட்ட பாக்காதீங்க, பின்னாடி கதவ திறந்து உள்ள ஏறுங்க. ஆக்சிஜன் சிலிண்டர் கழுத்துல குத்தியிருக்கற டெஸ்ட் தேதிய பாருங்க, 5 வருஷம் தாண்டியிருந்தா ரீஃபில் கடைக்காரன் தொடக்கூடாது, சில பேரு தொடுவான், அது வேற கதை. சிலிண்டர திறக்கற சாவிய கேளுங்க, பாதி வண்டில இருக்காது, ராத்திரி ரெண்டு மணிக்குதான் தெரியும். திறந்து மீட்டர பாருங்க, ஃபுல் சிலிண்டர்னா 150 கிட்ட நிக்கணும். சளி உறிஞ்சற சக்‌ஷன் மெஷின ஆன் பண்ணி ஒரு டம்ளர் தண்ணிய உறிஞ்ச சொல்லுங்க, சத்தம் மட்டும் போட்டா பிரயோஜனம் இல்ல. கையால பிசைஞ்சு மூச்சு குடுக்கற ஆம்பு பேக்கோட மாஸ்க்க உங்க உள்ளங்கைல அழுத்தி வச்சு பைய பிசைங்க, கைல எதிர்ப்பு தெரியணும், புஸ்ஸுன்னு போச்சுனா எங்கயோ லீக். அப்புறம் ஒருத்தர ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சு ஏத்தி பூட்ட சொல்லி, டிரைவர ஒரு பிரேக் அடிக்க சொல்லுங்க. ஸ்ட்ரெச்சர் நகந்துச்சுனா இறங்கி வந்துடுங்க.

ஆக்சிஜன் கணக்கு தெரியாம யாரையும் ஏத்தக்கூடாது. பி டைப் சிலிண்டர்ல (இது சிலிண்டரோட சைஸ், வண்டி வகை பி வேற) சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் போனா இரண்டரை மணி நேரம், 15 லிட்டர் வச்சா ஒண்ணே முக்கால் மணி நேரம் கூட வராது. மீட்டர் 75 காட்டுதுன்னா இதுல பாதி. காரைக்குடில இருந்து மதுரைக்கு ரெண்டு மணி நேரம்னு வச்சா, பாதி சிலிண்டரோட கிளம்பறது நடுவழில நோயாளிய விடறதுக்கு சமம். வண்டில எப்பவும் ரெண்டு சிலிண்டர் இருக்கணும், ரெண்டாவதும் நிறைஞ்சதா இருக்கணும்.

புது வண்டி வாங்கறதா இருந்தா ஒண்ணு கவனிங்க. ஃபேக்டரிலயே ஆம்புலன்ஸா ஃபிட் பண்ணி வர்ற வண்டிக்கு 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆச்சு. பழைய கொட்டேஷன தூக்கிட்டு வந்தா திருப்பி அனுப்புங்க. உயிர் காப்பாத்தற வண்டிக்கு எதுக்கு 18 பர்சென்ட்னு என்கிட்ட கேக்காதீங்க, எனக்கும் தெரியல, கேட்டா பதில் சொல்ற ஆபீஸ் எங்க இருக்குன்னும் தெரியல.

டீசல் போடறேன்னு சொல்ற ஆஸ்பத்திரி விஷயத்த கண்டிப்பா விட்டுடுங்க. அவங்க போடறது டீசல் இல்ல, உங்க ஊர் நோயாளிக்கு அட்வான்ஸ். எந்த ஆஸ்பத்திரில இறக்கினா எவ்வளவுன்னு டிரைவருக்கு கவர் போற பழக்கம் இந்த தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்சது, யாரும் ரசீது தர்றதில்ல அவ்வளவுதான். இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48னு 2021 டிசம்பர்ல மேல்மருவத்தூர்ல ஆரம்பிச்ச திட்டம் இருக்கே, அதுல சேந்திருக்கற ஆஸ்பத்திரினா சாலை விபத்துல அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைய அரசாங்கமே பாத்துக்கும். டீசலுக்கு நன்றிக்கடனா திட்டத்துல இல்லாத ஆஸ்பத்திரில இறக்கினீங்கனா அந்த குடும்பம் நகைய அடகு வைக்கும், அதுக்கு உங்க சங்கத்து பேரு போட்ட வண்டி காரணமா இருக்கும். டிரைவர்கிட்ட எழுத்துலயே வாங்கிடுங்க, எந்த ஆஸ்பத்திரில இருந்தும் ஒரு ரூபா வாங்கக்கூடாது, வாங்கினா வேலை இல்லன்னு. சம்பளத்த ஒழுங்கா குடுத்துட்டு இத கேளுங்க, 8,000 குடுத்துட்டு கேட்டா சிரிப்பான்.

10 பர்சென்ட் ஆளுக்கும் ஒரு கும்பிடு போடுங்க. எம்பிக்கு வருஷத்துக்கு 5 கோடி தொகுதி நிதி, அதுல ஆம்புலன்ஸ் வாங்க வழி இருக்கு, ஆனா வண்டி மாவட்ட நிர்வாகத்து பேர்லதான் வரும், உங்க சங்கத்து பேர்ல வராது. அதுக்கு எம்பி ஆபீஸ்ல ஒரு கடிதம் குடுத்தா போதும், நடுவுல ஆள் எதுக்கு? சிஎஸ்ஆர் வேணும்னா சங்கத்துக்கு வருமான வரித்துறையோட 12ஏ, 80ஜி பதிவு இருக்கணும், கம்பெனி விவகாரத் துறைல சிஎஸ்ஆர்-1 பதிவு பண்ணிருக்கணும், இதே மாதிரி வேலைல மூணு வருஷ அனுபவமும் காட்டணும். இது இல்லாம எந்த தரகனாலயும் வாங்க முடியாது, இது இருந்தா தரகன் தேவையே இல்ல.

இனிமே சொல்றததான் நிதானமா படிக்கணும், இதுல மாட்டுனவங்க நிறைய. சிங்கப்பூர் பணம். வெளிநாட்டு பணம்னா எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை சட்டத்துல பதிவு வேணும்னு ஒருத்தர் பயமுறுத்துவாரு, நம்ம ஊர்க்காரன் பணம்தானே ஒண்ணும் இல்லன்னு இன்னொருத்தர் சொல்வாரு. ரெண்டும் பாதி உண்மை. குடுத்தவர் கைல இந்திய பாஸ்போர்ட் இருக்கா, அதுதான் கேள்வி. சிங்கப்பூர்ல வேலை பாக்கற இந்தியர், அங்க பிஆர், அதாவது நிரந்தரமா தங்கற உரிமை வாங்கிருந்தாலும் பாஸ்போர்ட் இந்தியாதுன்னா, அவரு தன் சேமிப்புல இருந்து பேங்க் வழியா அனுப்பினது வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது. அதே தெருவுல பொறந்து, அதே கோயிலுக்கு வரி குடுத்து, ஆனா சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிட்டவரு குடுத்தா அது வெளிநாட்டு நன்கொடை. குடியுரிமை மாறினவங்களுக்கு இந்தியா தர்ற ஓசிஐ கார்டு இருந்தாலும் அப்படித்தான். லீவுக்கு ஊருக்கு வந்து ரூபாயா கைல குடுத்தாலும் அப்படித்தான். அங்க பதிவு பண்ணின ஊர் சங்கம் ஒண்ணா சேத்து அனுப்பினாலும் அப்படித்தான், அந்த சங்கத்துல எல்லாரும் இந்தியரா இருந்தாலும் சரி. மச்சான் அக்கவுண்டுக்கு அனுப்பி அவரு சங்கத்துக்கு குடுக்கறதா காட்டலாமேன்னு ஒரு ஐடியா எல்லா ஊர்லயும் வரும், சொந்தக்காரருக்கு அனுப்பறதுக்கு இருக்கற விலக்கு சொந்தக்காரருக்குத்தான், சங்கத்துக்கு போற பாதையா அத மாத்தக்கூடாது.

எஃப்சிஆர்ஏ பதிவே வாங்கிடலாமேன்னா அதுக்கு சங்கம் மூணு வருஷம் இருந்திருக்கணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சம் செலவு பண்ணிருக்கணும், டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல கணக்கு தொடங்கணும். ஒரு கிராமத்து சங்கத்துக்கு இது ஆகற காரியமா? சட்டம் போட்டவங்களுக்கு காரைக்குடி பக்கத்து ஊர் ஞாபகத்துக்கு வந்திருக்காது. அதனால வசூல் நோட்ட எடுத்து, சிங்கப்பூர்ல இருந்து வந்த ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல பாஸ்போர்ட் எந்த நாடுன்னு எழுதுங்க, பாஸ்போர்ட் முதல் பக்க நகலையும் வாங்கி வைங்க. குடியுரிமை மாறினவங்க பணத்த தொடாம அப்படியே வச்சுட்டு ஆடிட்டர பாருங்க, அதுல ஒரு ரூபா கூட வண்டிக்கு போகக்கூடாது.

யார் பேர்ல வாங்கறதுன்னு கேட்டீங்க. சங்கம் பதிவு ஆகியிருந்தா சங்கத்து பேர்ல மட்டும். தலைவர் பேர்ல வாங்கி வைப்போம், பின்னால மாத்திக்கலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க. வண்டி யாரயாவது இடிச்சா நஷ்டஈடு கேஸ்ல ஆர்சில இருக்கற பேரத்தான் இழுப்பாங்க, தலைவர் நல்லவரா இருந்தா அவரு வீடு போகும், கெட்டவரா இருந்தா வண்டி போகும். பதிவே ஆகலனா முதல்ல 1975 சங்கங்கள் பதிவு சட்டத்துல பதிவு பண்ணுங்க, வண்டி அப்புறம்.

14 லட்சத்துல சிங்கப்பூர் விஷயம் போக எவ்வளவு சுத்தமான பணமோ அதுல பாதிக்கு மேல வண்டிக்கு போடாதீங்க, மீதிய பேங்க்ல போட்டு மூணு வருஷம் வண்டி ஓட்டற செலவுக்குன்னு எழுதி வைங்க. பி வகைல அந்த பாதிக்குள்ள வண்டி கிடைக்கலனா மாசத்துல பத்து நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டி பாருங்க, ஊருக்கு எவ்வளவு ட்ரிப் தேவைன்னு அப்பதான் நிஜமா தெரியும்.

ஏஜென்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சான்னு நீங்க எழுதல. குடுக்கலனா குடுக்க வேண்டாம். குடுத்திருந்தா இன்னைக்கே சேசிஸ் நம்பரும் ஆர்சி நகலும் வாட்ஸ்அப்ல கேளுங்க, ரெண்டு நாள்ல வரலனா பணத்த திருப்பி கேட்டு எழுத்துல, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, அந்த தபால் ரசீத வசூல் நோட்டுலயே ஒட்டி வைங்க.